பர்வீன் டீச்சரின் காரில் கேட்ட தபலா

போன வியாழக்கிழமை காலை யாகூப் பாயிடமிருந்து எனக்கு போன் வந்தது. அவர் யாருக்கும் போன் செய்கிறவர் இல்லை. காது கேட்காத மனிதர் போனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? “சொல்லுங்க பாய்” என்றேன். அவர் பாட்டுக்குப் பேசினார்.

“சார், டீச்சர் போய்ட்டாங்க. தூக்கத்துலயே. நீங்க இன்னா பேசுறீங்கன்னு எனக்குக் கேக்காது சார். வந்துடுங்க.”

அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பர்வீன் டீச்சரும் நானும் ஆலங்காயம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தோம். அவர் இயற்பியல், நான் வரலாறு. ஊரே அவரை டீச்சர் என்றுதான் அழைத்தது. வீட்டில் கணவர் யாகூப் பாயும் அப்படித்தான் அழைத்தார்.

டீச்சரை அறியாதவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நூறு மீட்டர் ஓட்டத்தில் உள்ளூரில் பறப்பார்கள். மாவட்டப் போட்டிக்குப் போனால் கடைசியில் வருவார்கள். பிள்ளைகளுக்குத் தைரியம் போதவில்லை என்று நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். டீச்சர் ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். எங்கள் நூறு மீட்டர் உண்மையில் தொண்ணூற்று நான்கு மீட்டர். எந்தக் காலத்திலோ யாரோ வெட்டிய கயிற்றை வைத்தே வருடா வருடம் கோடு போட்டு வந்திருக்கிறோம். “பசங்க கால்ல கொறை இல்ல சார், நம்ம கயித்துலதான் கொறை” என்றார். வகுப்பிலும் இதையேதான் சொல்வார்: “கண்ணு சொல்றத எழுதாத. அளந்து பாத்துட்டு எழுது.”

யாகூப் பாய் வாணியம்பாடியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். பெரிய மரப் பீப்பாய்கள் நாள் முழுவதும் உருளும் இரைச்சலிலேயே முப்பது வருடம் நின்றவர். வேலையை விட்டு வந்தபோது காதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குமுன் அவர் பாட்டு இல்லாமல் சாப்பிட்டதில்லை. இப்போது செல்போனில் பாட்டு வைத்தால் ஏதோ கீச்சிடுகிறது என்பார். காதில் மாட்டும் கருவி விசில் அடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பிறகு பேசுவதையும் குறைத்துக்கொண்டார்.

காதைச் சோதித்த டாக்டர் ஒன்று சொன்னார்: குழல், வயலின் போன்ற மேல் ஒலிகள்தான் போய்விட்டன, மேளம், தபலா போன்ற கீழ் ஒலிகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார்.

ஓய்வு பெற்ற பிறகு, அறுபது வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். போளூர்க்காரர் ஒருவரிடமிருந்து பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். அவர் வாழ்க்கையின் முதல் கார். அதில் இருந்த இரண்டு ஸ்பீக்கரும் கிழிந்து கிடந்தன.

“பாயைத் தபலா கேக்க வைக்கணும் சார். வூட்டுல பெருசா வச்சா பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. கார்ன்னா கதவச் சாத்திக்கலாம்.”

காருக்கே கையிருப்பு கரைந்துவிட்டது. மிஞ்சியது ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கருக்கும் ஒரு சாதாரண ரேடியோவுக்கும்தான் போதும். எதையும் அவசரப்பட்டு வாங்கவில்லை. முதலில் கதவைத் தட்டித் தட்டிக் கேட்டார். “கதவே தகரம் மாதிரி அதிருது. இதுல எந்த ஸ்பீக்கரை வச்சாலும் அதுவும் தகரமாத்தான் பாடும்” என்றார். அதிர்வை அடக்க அவருக்குக் கிடைத்த பொருள், தோல் பதனிடும் ஷாப்பில் கழித்துப் போடும் துண்டுகள். பாய்தான் வாங்கி வந்தார். அதோடு தன் அனுபவத்தையும் சொன்னார்: “மழைத் தண்ணி எறங்குற பக்கம் ஒட்டாதீங்க டீச்சர். ஈரம் பட்டா நாறும். உள்பலகையில ஒட்டுங்க.” நெடுநாள் கழித்து அவர் ஒரு வேலையில் கை வைத்தது அன்றுதான். இருவரும் வாசலில் உட்கார்ந்து வெட்டி வெட்டி ஒட்டினார்கள்.

எல்லாம் பொருத்தி முடித்த அன்று என்னையும் அழைத்தார்கள். பாட்டு தெளிவாக வந்தது. ஆனால் தபலா எங்கோ பக்கத்து ஊரில் வாசிப்பதுபோல் இருந்தது. டீச்சர் பாயின் காதருகே குனிந்து, “கேக்குதாங்க?” என்றார்.

“யாரோ பாடுறாங்கன்னு தெரியுது. அவ்ளோதான்” என்றார் பாய். பிறகு டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “வுடுங்க டீச்சர். எனக்கோசரம் இவ்ளோ பண்ணீங்களே, அது போதும்” என்றார். அந்த ஆறுதல்தான் டீச்சரை அதிகம் வருத்தியது என்று நினைக்கிறேன்.

ஸ்பீக்கர் வாங்கிய கடைக்குப் போனோம். கடைக்காரர் காருக்குள் தலையை மட்டும் நீட்டிக் கேட்டார். “தனியா வூஃபர் பொட்டியும் ஆம்ப்ளிஃபயரும் போடாம தபலா மாதிரி பேஸ் எங்க டீச்சர் வரும்? பழைய வண்டிக்கு இதுவே ஜாஸ்தி.” அவர் சொன்னதை வாங்க டீச்சரிடம் வழியில்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். ரேடியோவை வெளியே இழுத்து வைத்திருந்தார். கையில் சுவர்க் கடிகாரத்தில் போடும் சின்ன பேட்டரி. “சார், நான் இந்தப் பேட்டரிய ஒயருல தொடுவேன். ஸ்பீக்கர் நடுவுல இருக்குற காகிதம் வெளிய வருதா, உள்ள போவுதான்னு மட்டும் சொல்லுங்க.”

இடப்பக்கம் ‘டப்’ என்று வெளியே வந்தது. வலப்பக்கம் ‘டப்’ என்று உள்ளே போனது.

டீச்சர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். ஒரு கதவை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளினால் கதவு அசையுமா? அதுபோல ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்துக்கொண்டிருந்தது; தபலா நடுவில் செத்துப்போயிற்று. போளூர்க்காரர் காலத்தில் யாரோ ஒரு கதவில் ஒயரை நிறம் மாற்றி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.

“முப்பத்தோரு வருசம் ப்ளஸ் மைனஸ் நடத்துனவ சார் நான். கறுப்பு ஒயருன்னா மைனஸ்னு கண்ண மூடிட்டு நம்பிட்டேன். ஒரு புள்ள இப்பிடி செஞ்சிருந்தா முட்டி போட வச்சிருப்பேன்.”

இரண்டு ஒயரை மாற்றி முறுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் வீட்டு வாசலில் பாட்டைப் போட அவர் சம்மதிக்கவில்லை. நின்ற காரில் எதுவும் நன்றாகத்தான் கேட்கும். மலை ஏறும்போது கேட்டால்தான் கணக்கு என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் காவலூர் சாலையில் ஏறினோம். வண்டி இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு போயிற்று. மூன்றாவது வளைவிலோ நான்காவதிலோ, பாயின் விரல்கள் முன்பலகையில் தாளம் போடத் தொடங்கின. சரியான தாளம்.

“டீச்சர்! தபலா! தபலா வருது டீச்சர்!”

உடனே பாடவும் ஆரம்பித்துவிட்டார். பெருங்குரல், சுருதிக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. பின் இருக்கையிலிருந்து நான், “கொஞ்சம் கொறைக்கலாமா டீச்சர்?” என்றேன்.

“பாட்டையா, அவரையா சார்?”

“அவரைத்தான்.”

“அதுக்கு பட்டன் வைக்கல சார்” என்றார் டீச்சர், சாலையிலிருந்து கண் எடுக்காமல். கன்னம் நனைந்திருந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுவாரமே அந்தக் கடைக்கு வண்டியை ஓட்டிப் போனார். கடைக்காரர் இந்த முறை உள்ளே ஏறி உட்கார்ந்து கேட்டார். பிறகு இறங்கி, “டிக்கியத் தொறங்க டீச்சர்” என்றார். உள்ளே ஒரு குடையும் தண்ணீர் கேனும் இருந்தன. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். “எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க வூஃபர?” டீச்சர் கைப்பையிலிருந்து அந்தச் சின்ன பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தார். இன்று அந்தக் கடையில் எந்த வண்டி வந்தாலும் முதலில் பேட்டரிதான் பேசுகிறது. பாய் பழையபடி கல்யாண வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். மேளக்காரருக்குப் பக்கத்து நாற்காலி அவருக்குத்தான்.

நேற்று பாய் கார் சாவியை என்னிடம் நீட்டினார். “சும்மா நிறுத்தி வச்சா வண்டி கெட்டுடும் சார். வாங்க.” நான் ஓட்டினேன். அவர் டீச்சரின் இருக்கையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். வளைவுகள் தொடங்கியதும் அவரே கை நீட்டிப் பாட்டைப் போட்டார். விரல்கள் தாளத்தைப் பிடித்தன. பாடினார். நடுவில் குரல் உடைந்தது; விட்ட இடத்திலிருந்து மீண்டும் பிடித்தார். குறைப்பதற்குப் பட்டன் இல்லை. நான் தேடவும் இல்லை.

மேலே வண்டியை நிறுத்தினேன்; பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாய் தன் கதவில் ஒரு கையை வைத்தார். என் பக்கம் சாய்ந்து, என் கதவில் மற்றொரு கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் வருது சார்.”

அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போய் வாருங்கள், டீச்சர். இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது.