விரைவுப் படகு வாங்கித் தந்த ரென்ஸ்கே

"இந்தப் படகு நோயாளிங்களுக்கு. நான் நோயாளியும் இல்ல, கோடைக்கு வந்த விருந்தாளியும் இல்ல. என் பிள்ளை இந்த மணல்லதான் பொறக்கும். கடலைத் தாண்டிப் போய்ப் பெத்தேன்னு கேள்விப்பட்டா, அன்னைக்கே என் பேரை மாத்திக் கூப்பிடுங்க!"

புதிய விரைவுப் படகு எங்கள் தீவின் துறைக்கு முதன்முதலாக வந்த ஜூன் மாதப் பகலில், நான்கு மாதக் கர்ப்பிணியான ரென்ஸ்கே ஒரு பீர்ப் பீப்பாய்மேல் ஏறி நின்று இப்படி அறிவித்தாள். கீழே அவள் கணவன் தௌவ இரண்டு கணுக்கால்களையும் பிடித்துக்கொண்டிருந்தான். பேண்டு வாத்தியம் முழங்கியது. கைதட்டாதவர்கள் யாரென்று நாங்கள் கவனித்து வைத்துக்கொண்டோம்.

எங்கள் தீவில் மனிதர்கள் இரண்டு வகை. இந்த மணலில் பிறந்தவர்கள், கடலுக்கு அப்பால் எதிர்க்கரையில் பிறந்த கரைக்காரர்கள். கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே செத்தாலும், இரங்கல் கூட்டத்தில் "நம்மோடு வாழ்ந்த நல்ல கரைக்காரர்" என்றுதான் சொல்வோம். இதில் எந்தத் துவேஷமும் கிடையாது, வெறும் துல்லியம். ஊரில் பாதி வீடுகளின் மின்சாரம் கரைக்காரனான தௌவவின் கையால்தான் ஓடுகிறது. ஆனாலும் டிசம்பர் முகமூடித் திருநாளில் மணலில் பிறந்தவர்கள் மட்டும்தான் முகமூடி போடலாம் என்பதால், அன்று மாலை அவன் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, தனியாகப் பட்டாணி சூப் குடிப்பான். தன் பிள்ளைக்கு அந்த சூப் கூடாது என்பதுதான் ரென்ஸ்கேயின் வாழ்க்கை லட்சியம். தகப்பன் வகையில் ஏற்கெனவே ஒரு கறை. பிறந்த இடமும் கரையாகிவிட்டால் அப்புறம் கழுவவே முடியாது.

படகு வந்ததும் அவளால்தான். சைக்கிள் வாடகைக் கடையை நடத்திக்கொண்டே அவள் பல வருடங்கள் போராடினாள். மாகாண அவைக்குப் போய், "இந்த ஆடுற கப்பல்ல ரெண்டு மணி நேரம்! நிறைமாசக் கர்ப்பிணி ஒருத்தியை அதுல படுக்க வெச்சுப் பாருங்க. அவ உங்க மகளா இருந்தா?" என்று கேட்டாள். உறுப்பினர்கள் மூக்கைச் சிந்தினார்கள். படகு கிடைத்தது.

ஆகஸ்டில் அதே படகில் ஏறி, பிரசவ சேவைகளை ஒழுங்குபடுத்தும் அலுவலகத்திலிருந்து யோலந்தா என்ற அம்மாள் வந்தார். ஊர்க் கூடத்தில் கிரான்பெர்ரி கேக் இரண்டு துண்டு சாப்பிட்டார். தீவின் ஒரே மருத்துவச்சி ஹெண்ட்ரீன் செப்டம்பரில் ஓய்வு பெறுகிறார், அவர் இடத்துக்கு யாரும் வரப்போவதில்லை என்றார்.

"ஏன்?" என்றாள் ரென்ஸ்கே.

"முன்ன மாதிரி நீங்க தனியா கிடக்கலையே! வேகமான படகு வந்தாச்சே." யோலந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேச்சைப் படிச்சேங்க. அழுதுட்டேன்."

"அப்ப நான் வீட்ல பெத்துக்கக் கூடாதா?"

"ஐயையோ, யார் சொன்னா? எங்க பெத்துக்கறதுங்கறது முழுக்க உங்க விருப்பம். அதுல யாரும் தலையிடவே முடியாது."

"சரி, வீட்லதான். யார் வருவா?"

"யாரும் வரமாட்டாங்க."

இதைவிடத் தெளிவான பதிலை எந்த அதிகாரியும் எங்களுக்குத் தந்ததில்லை. படகுக்கு நேரமாகிவிட்டதால் அவர் கிளம்பினார்.

எங்கள் நாட்டில் வீட்டில் பிரசவிப்பது ஒன்றும் புரட்சியல்ல. மருத்துவச்சிக்கு முதுகு வலிக்காமல் கட்டில் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தினால் போதும். தௌவ கட்டைகளைச் செய்தான். கரைக்காரன் அல்லவா, அளவுக்கு மீறி உழைப்பான். ரென்ஸ்கே படுக்க வேண்டுமென்றால் முக்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது. கட்டில் தயார், மருத்துவச்சிதான் இல்லை. கரையிலிருந்து வாரத்துக்கு ஒருவராக வந்துபோகும் மருத்துவர்களில் ஒருவரைக் கேட்டார்கள். "படிக்கும்போது ஒரு பிரசவம் பார்த்தேன். வீடியோவில்" என்று அவர் நேர்மையாகச் சொன்னார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. பிரதான வீதியில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் 'இங்கேயே பிறக்கட்டும்' என்ற சுவரொட்டி. அக்டோபர் கடைசியில், பயணிகள் குறைவு என்று விரைவுப் படகை ஏப்ரல் வரை கொட்டகையில் ஏற்றிவிட்டார்கள். அதற்கும் ஒரு சுவரொட்டி ஒட்டினோம்.

கடைசியில் ரென்ஸ்கே, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஹெண்ட்ரீன் வீட்டுக்கே போனாள். ரென்ஸ்கேயையே உலகத்துக்கு இழுத்துப் போட்டவர் ஹெண்ட்ரீன்தான்.

"அத்தை, நீங்க வந்தாப் போதும். யாருக்கும் சொல்லமாட்டேன்."

"இந்த ஊர்ல? நீ சொல்ல வேணாம், பகல்ல இழுத்து மூடின உன் திரைச்சீலையே சொல்லிடும்." ஹெண்ட்ரீன் காப்பி ஊற்றினார். "கை இருக்கு, கண்ணும் இருக்கு. கூட ஒரு ஆள் இல்ல, மருந்து இல்ல. ரத்தம் போக ஆரம்பிச்சா நான் யாரைடி கூப்பிடுவேன்?"

"ஹெலிகாப்டர் வருமே."

"மூடுபனில அது எழும்பாது."

"பனி இல்லன்னா?"

"நவம்பர்ல பெக்கறேன்னு முடிவு பண்ணினது நானா?"

"ஊரே என் பின்னாடி நிக்குது, அத்தை."

"பிரசவத்துல பின்னாடி நின்னு என்ன பிரயோஜனம்? முன்னாடி ஒருத்தர் வேணும்."

ரென்ஸ்கே காப்பியை ஒரு வாய் குடித்தாள். பிறகு, "கரைக்காரப் பிள்ளைன்னு சொல்லுவாங்களே" என்றாள்.

"சொல்லுவாங்க" என்றார் ஹெண்ட்ரீன். "நானும் சொல்லுவேன். சொல்றதுக்கு ஒரு பிள்ளை இருக்கணும்ல."

அந்த வாரமே மூடுபனி இறங்கியது. துறை தெரியவில்லை, கலங்கரை விளக்கம் தெரியவில்லை, எதிர்வீட்டுச் சுவரொட்டிகூடத் தெரியவில்லை. பழைய கப்பலும் நின்றுபோனது. ரென்ஸ்கே உயர்ந்த கட்டிலில் கால்களைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்ப்பா, இப்ப வலி வந்தா என்ன பண்ணுவ?"

"வெந்நீர் வைப்பேன்" என்றான் தௌவ.

"அப்புறம்?"

அவன் சிரத்தையாக யோசித்தான். "இன்னும் கொஞ்சம் வைப்பேன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்த முடியாமல் அழத் தொடங்கியதும் தௌவ எழுந்து, கரையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், பிரசவத்துக்கு வருகிறவர்கள் தங்கும் அறை ஒன்றைத் தொலைபேசியில் கேட்டான். அவள் தடுக்கவில்லை. தெருவைப் பார்த்த ஜன்னல் உண்டா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றார்களாம். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்ததுதான் இருந்ததாம்.

பனி விலகிய காலையில், சுவரொட்டிகள் ஒட்டிய வீதியைத் தவிர்த்து, மணல்மேடுகளின் பக்கமாகச் சுற்றிக்கொண்டு இருவரும் துறைக்கு வந்தார்கள். கப்பலேறும் பலகையில் கயிற்றோடு நின்றவன் சிப்கே. படகுப் போராட்டக் குழுவின் செயலாளர்.

"என்ன ரென்ஸ்கே, காலங்காத்தால? கரைல ஷாப்பிங்கா?"

"ஆமா."

"சாயங்காலக் கப்பல்ல திரும்பிடுவியா?"

சிப்கே அப்போதுதான் தௌவவின் கையில் குழந்தையைக் காரில் உட்கார வைக்கும் இருக்கை இருப்பதைப் பார்த்தான். கையிலிருந்த கயிற்றை வெகு அக்கறையாகச் சுருட்ட ஆரம்பித்தான்.

"கீழ்த்தளத்துல போய் உக்காரு" என்றான், கயிற்றைப் பார்த்தபடியே. "அங்க ஆட்டம் கம்மி."

ரென்ஸ்கே கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். சங்கு ஊதியபோது அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கால்கள் வீங்கியிருந்தன, வயிற்றோடு குனியவும் முடியவில்லை. தௌவ தரையில் உட்கார்ந்து அவள் ஷூ நாடாக்களை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.