பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

கோவாக்காரர் என்பவர் யார் என்று எனக்கு இன்று வரை சரியாக விளங்கவில்லை. மூன்று வருடம் அவர்களுடைய மாத இதழை எழுத்து எழுத்தாக அடித்துக் கொடுத்தவள் சொல்கிறேன். அவர்களுடைய பிக்னிக், பாட்டுக் கச்சேரி, சங்கத் தேர்தல், தேர்தலுக்குப் பிறகு வரும் கோபக் கடிதங்கள் எல்லாம் என் கைவழியாகத்தான் போயின. ஆனாலும் ஒரே ஒரு வரியில் நான் கை வைத்ததில் என்ன நடந்தது என்பதை நினைத்தால், அத்தனையும் அடித்தேனே தவிர ஒன்றையும் வாசிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், இறைச்சிக் கடைக்கும் சலூனுக்கும் நடுவில் இருந்த அச்சகத்தில் எனக்கு வேலை. முதலாளி எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். கல்யாணக் கார்ட் அடிப்போம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு அழைப்பிதழ் அடிப்போம். எல்லாவற்றையும் விட அதிகமாகக் கல்வெட்டு அடிப்போம். இறந்தவரின் முப்பத்தோராம் நாளில், அவருடைய படம், வம்சாவளி, தேவாரம் எல்லாம் போட்டு வீட்டுக்காரர் கொடுக்கும் சின்னப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர்.

கல்வெட்டில் எங்கே பிழை விட்டாலும் முதல் வரியில் மட்டும் விடக் கூடாது. 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கும் வரி அது. ஒருமுறை கோப்பாய் என்று வர வேண்டிய இடத்தில் இருபாலை என்று போட்டுவிட்டேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். என்றாலும் மகன்மார் மூன்று பேரும் மருமக்களோடு கடைக்கு வந்து நின்ற நிலையைப் பார்த்தபோது, நான்தான் அந்த மனிதரைக் கொன்றுவிட்டேனோ என்று இருந்தது. முழுவதையும் திரும்ப அடித்தோம். அன்றிலிருந்து பிறப்பிடம் என்றால் வீட்டாரை ரெலிபோனில் கூப்பிட்டு இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தாமல் விடமாட்டேன். அந்த விஷயத்தில் என்னை ஒருவரும் அசைக்க முடியாது என்ற கர்வமும் எனக்கு வந்துவிட்டது.

கோவா இதழின் ஆசிரியர் நைரோபியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை, எந்தக் குளிரிலும் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு, கையெழுத்துத் தாள்கள் நிரம்பிய பிளாஸ்டிக் பையோடு வருவார். நான் அவரை சேர் என்று கூப்பிடுவேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அந்தத் தாள்களை அடிக்க அடிக்க எனக்குத் தலை சுற்றும். பெயர்கள் எல்லாம் போர்த்துக்கீசப் பெயர்கள். ஆள்களின் நிறமோ எங்கள் நிறம். பிறந்தது ஆப்பிரிக்காவில், இல்லையென்றால் கராச்சியில், பம்பாயில். கோபம் வந்தால் சுவாகிலி, செபம் சொன்னால் கொங்கணி, மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கிலம். வாசகர் ஒருவர், கொங்கணி பேசத் தெரியாதவன் கோவாக்காரனே இல்லை என்று இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அதை அவர் எழுதியது ஆங்கிலத்தில். அடுத்த மாதம் அவரைத் திட்டி வந்த கடிதங்களும் ஆங்கிலத்தில்தான். மொழிக்காக அடிபட்டு நாட்டை விட்டு வந்த எங்களுக்கு இது எப்படி விளங்கும்?

இன்னொரு மாதம், அரசாங்கப் படிவத்தில் இனம் என்ற கேள்விக்குத் தாங்கள் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்று பெரிய வாதம் நடந்தது. நான் கேட்டேன், "சேர், நீங்கள் இந்தியர்தானே?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கேட்பவரைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் புரூஃப் பார்க்கத் தொடங்கினார். நானும் விட்டுவிட்டேன்.

சந்தாக்காரரின் முகவரிப் பட்டியலும் என்னிடம்தான் இருந்தது. அது அகரவரிசையில் இல்லை, ஊர் வரிசையில் இருந்தது. அல்தோனா என்று ஒரு தலைப்பு, அதன் கீழே அந்த ஊர்க்காரர். சாலிகாவ் என்று ஒரு தலைப்பு, அதன் கீழே அவர்கள். எல்லாம் கோவாவில் உள்ள கிராமங்கள். அவர்கள் பிறந்த ஊர்களாக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கத் தோன்றவில்லை.

அந்த வருடம் பனி கரையத் தொடங்கிய நேரம் ஆசிரியருக்குக் கண்ணில் ஒப்பரேஷன். பிக்கரிங்கில் மகள் வீட்டில் போய் இருந்தார். இரண்டு வாரம் எழுத்தைப் பார்க்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "உனக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே, இந்த மாதம் நீயே பார்த்துக்கொள்" என்று ரெலிபோனில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு முதலாளியோடு கூடக் கொஞ்சம் நிமிர்ந்துதான் பேசினேன்.

அந்த மாதத்து உறைகளில் ஒரு மரண அறிவித்தல் இருந்தது. ஒரு பெண் தன் கணவருக்காக எழுதியது. பெயர், பிறகு அல்தோனா, அதன் பிறகு 'முன்னர் நைரோபி'. முப்பதாம் நாள் பூசை சனிக்கிழமை பதினொரு மணிக்கு, எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில். பூசைக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் தேநீர், எல்லோரும் வரவும். எங்களுக்கு முப்பத்தொன்று, இவர்களுக்கு முப்பது, ஒரு நாள்தான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு, வழக்கம்போல உறுதிப்படுத்த ரெலிபோன் எடுத்தேன்.

"உங்கள் கணவர் பிறந்தது அல்தோனாவில்தானே?"

"இல்லை, நைரோபியில்."

"அப்படியென்றால் அல்தோனாவில் எப்போது இருந்தார்?"

"இருக்கவில்லை. அவர் அங்கே போனதே இல்லை" என்றார் அந்த அம்மா.

பாவம், துக்கத்தில் எதையோ மாறி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அதைச் சொல்லி இன்னும் நோகடிப்பானேன் என்று ரெலிபோனை வைத்துவிட்டு நானே திருத்தினேன். அல்தோனாவை எடுத்தேன். 'நைரோபியில் பிறந்தவரும் ரொறன்ரோவில் வசித்தவருமான' என்று ஆங்கிலத்தில் அழகாகப் போட்டேன். அறிவித்தலைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடும் போட்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பது அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

ஆசிரியர் ரெலிபோன் எடுத்தார். மகள் இதழை வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவராம். "ஊர் எங்கே?" என்றார், வணக்கம் கூடச் சொல்லாமல்.

நான் பெருமையோடு விளக்கம் சொன்னேன். அவர் அதை முழுவதும் கேட்டார். பிறகுதான் சொன்னார். இந்தப் பெயரில் இந்த நகரத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். அதில் மூன்று பேர் நைரோபியில் பிறந்தவர்கள். எந்த ஊர் என்று போட்டால்தான் எந்த ஆள் என்று தெரியும். இப்போது ரெக்ஸ்டேலில் இருக்கும் சாலிகாவ்காரர் இறந்துவிட்டார் என்று பாதிப் பேர் நினைத்துவிட்டார்கள். நேற்று ஒரு அம்மா அவர் வீட்டுக்கு ஒரு தட்டுக் கட்லெட்டோடு போய் மணியடித்திருக்கிறார். கதவைத் திறந்தது அவரேதான். அந்த அம்மா அதிர்ச்சியில் படியிலேயே குந்திவிட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அவர் உயிரோடு இருக்கிறார், சமாளித்துக்கொள்வார். இந்த அம்மாவைத்தான் நினைக்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் இங்கே மகளிடம் வந்து இரண்டு வருடம்தான். வந்த நாளில் இருந்து மனிதருக்கு உடம்பில் வருத்தம், ஒரு நிகழ்ச்சிக்கும் வந்ததில்லை. அவர்களை ஒருவருக்கும் தெரியாது. பூசைக்கு வருவதென்றால் அல்தோனாக்காரர்தான் வருவார்கள்."

"தெரியாத ஒருவருக்கு ஏன் வருவார்கள், சேர்?"

"அவர் அல்தோனா."

"அவர் அல்தோனாவைக் கண்ணால் பார்த்ததே இல்லையே."

"ஓம், பார்த்ததில்லை" என்றார், நான் அவருடைய பக்கத்தையே எடுத்துப் பேசியதுபோல.

இப்படியே இரண்டு மூன்று தரம் சுற்றினோம். அவருக்கு நான் விளங்கவில்லை, எனக்கு அவர் விளங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற முதலாளி, வெட்டு இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"பிள்ளை, அந்தக் கிழவர் குடுத்ததை அப்பிடியே அடிக்கிறதுக்கு உமக்கு என்ன?"

"பிழையெண்டு நினைச்சு மாத்தினனான் அண்ணை."

"உதுதான் வேண்டாமெண்டுறன். எங்கட ஆக்களின்ர ஊரைத் திருத்தினது காணாதே? இப்ப அந்த மனிசி என்ன செய்யும்? போய் முகத்தைப் பாத்துக் கதைச்சுப்போட்டு வாரும்."

அந்த அம்மாவின் வீடு எங்கள் கடை இருந்த அதே வீதியில், நான்கு பஸ் தரிப்புத் தள்ளி ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. புதன்கிழமை பின்னேரம் போனேன். ஒல்லியான, நேராக நிமிர்ந்து நடக்கும் மனுசி. கோபமாகப் பேசுவார், கேட்டுக்கொண்டு நிற்கலாம் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர் என்னை இருத்தித் தண்ணீர் தந்தார். மேசையில் இதழ் விரித்தபடி கிடந்தது. சுவரோரமாகப் பேப்பர்க் கோப்பைகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. எல்லாம் தேநீருக்கு வாங்கியவை.

"ஊரை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீங்கள்தானே அவர் அங்கே போனதில்லை என்று சொன்னீர்கள்."

"போனதில்லை. அவருடைய அப்பாவும் சின்ன வயதில் கப்பலேறியவர், திரும்பிப் போகவில்லை. அதற்கும் ஊருக்கும் என்ன?" இதழை என் பக்கம் திருப்பினார். "இப்போது இவர் ரொறன்ரோவில் இறந்துபோன ஒரு ஆள். அவ்வளவுதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், வெட்கப்பட்டுக்கொண்டிருந்தபோதும் நான் செய்ததில் என்ன பிழை என்று எனக்குள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. உண்மையைத்தானே போட்டேன்? மன்னிப்புக் கேட்டுவிட்டு, சனிக்கிழமைக்கு முன்னால் என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்று சொல்லி எழும்பினேன்.

வியாழனும் வெள்ளியும் நான் வேறு வேலை செய்யவில்லை. முதலாளியும் கண்டும் காணாததுபோல விட்டுவிட்டார். முகவரிப் பட்டியலில் அல்தோனா என்ற தலைப்பின் கீழ் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் ரெலிபோன் எடுத்தேன். எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊரில் பிறந்தவர்கள் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் மொம்பாசா, ஒருவர் பஹ்ரைன், ஒரு பெடியன் இங்கேயே ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் பிறந்தவன். ஆனால் அல்தோனா என்று நான் வாயைத் திறந்ததும் எல்லோருடைய குரலும் மாறியது. யாருடைய மகன், எந்த வட்டாரம் என்று கேட்டார்கள். அந்த அம்மாவிடம் திரும்ப ரெலிபோனில் கேட்டு எழுதி வைத்ததைப் பார்த்து நான் சொன்னேன். ஒரு வயதான மனிதர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ எந்த ஊர்?" என்றார். நீர்வேலி என்றேன். அது கோவாவில் வடக்கா தெற்கா என்று கேட்டார். நான் தமிழ், வெறும் அச்சகத்தில் வேலை செய்கிறேன் என்று சொன்னதற்கு, "அது பரவாயில்லை" என்று ஆறுதல் சொன்னார். நிறையப் பேர் வீட்டில் இல்லை. அவர்களுடைய பதிவு இயந்திரங்களோடு பேசிவிட்டு வைத்தேன். கேட்டார்களா, கேட்கவில்லையா என்பது தெரியாது.

சனிக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். பின்வரிசையில், தூண் மறைப்பில் இருந்தேன். அந்த அம்மா முன்வரிசையில் மகளோடு இருந்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்கும் அந்த அம்மாவின் முகம் தெரியாது. போனவர்கள் ஒவ்வொருவராக அவரிடம் குனிந்து, அல்தோனா என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். ரெக்ஸ்டேல் சாலிகாவ்காரரும் வந்தார். அவரை அடையாளம் காண ஒருவரும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை, எல்லோரும் அவரையே பார்த்தார்கள். குருவானவர் இறந்தவரின் பெயரைச் சொல்லி ஆன்ம சாந்திக்காக மன்றாடியபோது, அதே பெயருள்ள அந்த மனிதர் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

கடைசியில் கொங்கணியில் ஒரு பாட்டு. வரிகளை ஆங்கில எழுத்தில் தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். வந்தவர்களில் சிலர் பாடினார்கள். அந்த அம்மா தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாய் அசையவில்லை. அவருக்குக் கொங்கணி தெரியாது. கணவர் பார்க்காத ஊர், மனைவிக்குத் தெரியாத மொழி, அழ வந்தவர்களுக்குத் தெரியாத ஆள். இதில் எதை எடுத்து எதோடு பொருத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் என் கண்ணில் தண்ணீர் வந்தது. அது ஏன் என்றும் தெரியவில்லை.

கீழ் மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். வெளிக்கிட்டுவிடலாம் என்று கதவுப் பக்கம் போனேன். அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். மண்டபத்தில் பாதிக் கதிரைகளில் ஆட்கள் இருந்தார்கள். மற்றப் பாதி வெறுமையாகக் கிடந்தது.

"இவ்வளவு பேர் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை" என்றார்.

நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"என் மனிதர் இதைவிடக் கூடப் பேர் வருவார்கள் என்றுதான் நினைத்திருப்பார்" என்றார். கோபமே இல்லாமல், ஒரு விவரம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ஒரு கோப்பைத் தேநீரை எடுத்து என் கையில் தந்துவிட்டு, கதவடியில் அப்போதுதான் வந்து தயங்கி நின்ற யாரோ ஒருவரிடம், எந்த ஊர் என்று கேட்கப் போனார்.