வேணுகோபால் நிறுத்திய தறிகள்

எங்கள் வீட்டுக்காரர் வேணுகோபாலுக்குத் தெருவில் நாட்டாமை என்று பெயர். யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். பிறந்தது, நெய்யப் பழகியது, பிறகு பவர்லூம் போட்டது எல்லாம் ஆரணியில் இதே தெருவில்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, தேர் இழுக்க ஆள் சேராவிட்டாலும் சரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் கிளம்பிவிடுவார்.

எங்கள் மகள் சுகன்யா வானத்தை ஆராய்கிறாள். எந்தத் திசையில் பார்த்தாலும் காமாக் கதிர்கள் மங்கலாக வந்துகொண்டே இருக்கின்றனவாம். அவை எங்கிருந்து வருகின்றன என்பதுதான் அவள் படிப்பு. அதற்கென்று ஜெர்மனியில் ஒரு வேலை. கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல். இதை விட்டால் அந்த ஆராய்ச்சியையே மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பிள்ளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. தறிச் சத்தத்தில் எப்படிப் பேசுவாள்?

"நான் பாத்துக்கறேன்" என்று இவர் வீடு வீடாகப் போனார். "ஒரு மணி நேரம் தறிய நிறுத்துங்கப்பா. பொண்ணு ஃபாரின்காரங்ககிட்ட பேசிகினு இருப்பா." ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை கொடுக்க வேண்டிய நேரம். ஆனாலும் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

நேர்காணல் தொடங்கியது. சத்தம் குறைந்ததே தவிர, நிற்கவில்லை. எதிர்வீட்டு ராஜவேலுவிடம் ஓடினேன்.

"ஒரு தறிதாங்க்கா ஓடுது. அது இன்னா கேக்கப் போவுது?" என்றார். பக்கத்து வீட்டு சிவப்பிரகாசமும் அதையேதான் சொன்னார். வீட்டுக்கு ஒன்று! நல்லா இருப்பார்களா இவர்கள்?

திரும்பி வந்தால், உள்ளே அதைப் பற்றித்தான் கேள்வி: யார் போடும் சத்தம் அது? சுகன்யா கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். "வீட்டுக்கு ஒண்ணு ஓட்டறாங்கடி" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. தனியாகக் கேட்காது, சேர்ந்தால் இரையும். தூரத்து விண்மீன் மண்டலங்களும் இப்படித்தான் ஆளுக்குக் கொஞ்சம் கதிர் அனுப்புகின்றன என்று விளக்கினாள்.

கம்ப்யூட்டரில் தெரிந்த ஓர் அம்மாள் விடவில்லை. "வானத்தில் நம்முடைய பால்வீதியிலிருந்து வருவதைத்தானே முதலில் கழிக்க வேண்டும்? உங்கள் வீட்டைக் கழித்தாயிற்றா?"

எனக்குச் சுருக்கென்றது. பின்கட்டுக்கு ஓடினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. இவர் பக்கத்தில் நின்று இழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது?"

"ஒண்ணே ஒண்ணுதான்மா... யாருக்குக் கேக்கப் போவுது?"

சுவிட்சைத் தட்டினேன். பாதிச் சத்தம் அடங்கிப்போனது. "இப்பத்தான் அம்மா கழிச்சாங்க" என்று சுகன்யா சொல்ல, அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

வேலை கிடைத்துவிட்டது. "அன்னிக்கு என் தறி மட்டும் ஓடலன்னா..." என்று இவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். இல்லை என்று சொல்ல முடியவில்லையே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.