வாடகை வீட்டில் பொங்கிய பால்

எங்கள் அம்மாவுக்குப் பயம் வந்தால் பேச்சு வராது, வேலைதான் வரும். துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிடுவாள். கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடிபோன முதல் நாள், சாமான் ஒன்றுமில்லாத அந்த வீட்டை அவள் திரும்பத் திரும்பப் பெருக்கினாள். அதைப் பார்த்துத்தான் எனக்கும் பயம் வந்தது.

அப்பாவுக்கு அங்கே ஓர் அலுவலகத்தில் பியூன் வேலை கிடைத்திருந்தது. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்து பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. வீடு தேட ஆரம்பித்தார். அவ்வளவு சின்ன ஊரில் காலி வீடுகளுக்குப் பஞ்சமே இல்லை, எங்களுக்குத்தான் ஒன்றும் காலியில்லை. நல்ல வீடு என்றால் வாடகை எட்டாது. வாடகை எட்டுகிற வீட்டில், "நீங்க இன்னா ஆளுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. நாசூக்கானவர்கள், "சொந்த ஊர்ல எந்தத் தெருங்க?" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். நாங்கள் காலனிக்காரர்கள். அப்பா பொய் சொல்லத் தெரியாத மனுஷர், பாவம், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார்.

கடைசியில் அரிசி மில்லை ஒட்டி ஒரு வீடு அமைந்தது. நாளெல்லாம் உமிக்கரி பறந்து வந்து சோற்றில் விழும். அதனால் ஒருவரும் அங்கே தங்குவதில்லை, வாடகையும் கம்மி. வீட்டுக்காரர் சேலத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்பதற்கு அவருடைய சம்சாரம் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. அன்று காலை அப்பா எங்கள் இருவரையும், ஒரு துடைப்பத்தையும், ஒரு ஸ்டவ்வையும், பால் காய்ச்சத் தேவையான மற்றதையும், தூக்குவாளியில் கொஞ்சம் பாலையும் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாமான்களை ஏற்றிவர ஊருக்குத் திரும்பினார். அவர் வந்ததும் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. அவர் போன கொஞ்ச நேரத்தில் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள், இனி ஒரு வண்டியும் வராது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கேயோ காலனிக் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்றும் பேச்சு. எந்த ஊரில் என்று ஒருவரும் சொல்லவில்லை. எரிவது எங்கள் குடிசைதான், அதற்குள்ளேதான் அப்பா சாமான் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அழ வாயைத் திறந்தபோது அம்மா பொத்தினாள்.

"அழுத, அவ்ளோதான். வூட்டுக்காரம்மா வந்து கேட்டா இன்னா சொல்லுவ?"

"ஊரு ரிஷிவந்தியம்."

"எந்தத் தெருன்னு கேட்டா?"

"தெரியாது."

"அது போதும். வேற ஒண்ணுத்துக்கும் வாயத் தொறக்காத."

இந்த வீடு போனால் போவதற்கு வேறு இடமில்லை. ஊருக்குத் திரும்ப பஸ்ஸும் இல்லை. அது எனக்கே தெரிந்திருந்தது. வீட்டுக்காரம்மா தன் வாசலைவிட்டு இறங்கி எங்கள் பக்கமாக வருவது ஜன்னலில் தெரிந்தது. அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு மளமளவென்று ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினாள். நல்ல நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. அப்பாவும் இல்லை. இவளுக்கு என்ன வந்துவிட்டது என்று நான் பார்த்தேன்.

"இன்னாம்மா இது, வூட்டுக்காரர் இல்லாமயே பால் காச்சிக்கினு இருக்கிற?"

"சாமான் எடுத்தாரப் போயிருக்காருங்க."

"ரோட்டுல மரம் கெடக்குது, எங்கேருந்து வரப் போறாரு? அது சரி, நீங்கல்லாம் இன்னா..."

"கொஞ்சம் இருங்கம்மா, பால் பொங்கப் போவுது." அம்மா திரும்பவே இல்லை.

அந்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் பாப்பா, உங்க ஊரு எது?"

"ரிஷிவந்தியங்க."

"அங்க எந்தத் தெரு?"

பயத்தில் எனக்கு 'தெரியாது' மறந்துபோய்விட்டது. ஆனாலும் சமாளித்துவிட்டேன்.

"எங்களுக்குத் தெருவே இல்லீங்க."

எவ்வளவு சாமர்த்தியமான பதில் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்தம்மாவின் முகம் என்னவோ போலாகிவிட்டது. அம்மாவின் முதுகையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பால் நுரைத்து, பாத்திரத்தின் நாலு பக்கமும் வழிந்தது. அவருடைய கைகள் தாமாகவே குவிந்தன. பால் பொங்கிய வீட்டிலிருந்து ஆளை வெளியேற்றினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அம்மா அதை நம்பித்தான் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.

"பொங்கிடுச்சி. இனிமே நான் இன்னாத்த சொல்றது?" என்றார் அந்தம்மா.

அம்மா பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் தெருவில் கூச்சல் கேட்டது. கையில் கம்புகளோடு ஏழெட்டு ஆட்கள். ஒருவன் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டான். அம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். எனக்கு மூத்திரமே வந்துவிட்டது.

"உங்க வூட்டுக்குப் புதுசா யாரோ வந்துக்கிறாங்களாமே, இன்னா ஆளுங்க?"

அந்தம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "எங்க அண்ணன் சம்சாரம்டா. புள்ளயக் கூட்டிக்கினு வந்துருக்குது. பொம்பளைங்க இருக்கிற வூட்டாண்ட உனக்கு இன்னா வேல? போடா!"

அவர்கள் போய்விட்டார்கள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலில் சர்க்கரை போட்டு, டம்ளரில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். அந்தம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டார். டம்ளர் சுடுகிறது போல என்று நினைத்தேன்.

"அப்பறமாக் குடிக்கிறன்மா" என்று தோட்டத்துப் பக்கம் போனார். நானும் பின்கதவு வரைக்கும் போனேன். அங்கிருந்த தென்னங்கன்றின் அடியில் பாலை ஊற்றிவிட்டு, டம்ளரைத் துவைக்கிற கல்லில் கவிழ்த்துவைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் அப்பா வயல்வெளியாகவே நடந்து, தலையில் ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தார். அந்த வீட்டில் நாங்கள் சில வருஷங்கள் இருந்தோம். எங்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. எங்கள் தீபாவளிப் பலகாரம், பொங்கல் எல்லாம் தின்று அந்தத் தென்னையும் நன்றாகத்தான் வளர்ந்தது.

பால் பொங்கிய அன்றைக்கு மட்டும் எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். உள்ளே ஓடினேன்.

"அம்மா, அவங்க தென்னங்கன்னுக்குப் பால் ஊத்துனாங்க! நான் அவங்கள அத்தைன்னு கூப்புடலாமா?"

அம்மா மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, சுத்தமாக இருந்த தரையை மறுபடியும் பெருக்க ஆரம்பித்தாள். வீடுதான் கிடைத்துவிட்டதே, ஆட்களும் போய்விட்டார்களே, இன்னும் எதற்கு இவள் பயப்படுகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.