ராணுவத்துக்காக நான் வாதாடிய ஞாயிற்றுக்கிழமை

வடக்கே ஒரு மலை ஊருக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போனவர்களைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தி வந்த மறுநாளிலிருந்து இரும்புலியூரின் தலைசிறந்த போர் நிபுணர் நான்தான்.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். பிரேக்குக்குள் போகும் ஒரு சின்ன இரும்புத் துண்டை அளந்து, நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது என் வேலை. துப்பாக்கியைத் தொட்டதில்லை. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தேன், பூட்ஸ் காலைக் கடித்தது, விலகிவிட்டேன். ஆனால் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை, எந்த விமானத்தை எந்தப் பக்கமாக அனுப்ப வேண்டும் என்று டிரைவருக்குப் பின்சீட்டிலிருந்து உத்தரவு போட்டுக்கொண்டே போனேன். டிரைவர் ஒருநாள், "சார், நான் லெஃப்ட்ல ஒதுங்கலாமா, இல்ல அதுக்கும் உங்க பர்மிஷன் வேணுமா?" என்று கேட்டார்.

அதற்கு அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் போதகர் ஓர் அறிவிப்பு செய்தார். அடுத்த வாரம் ஆராதனைக்குப் பிறகு ஹாலில் விவாத அரங்கம். தலைப்பு, 'தீவிரவாதத்துக்கு ராணுவம் பதிலாகுமா?' "ஆகாது என்று பேச யார் தயார்?" என்று கேட்டு முடிப்பதற்குள் பெண்கள் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் மனைவியின் கை. அவள் பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியை. கல்யாணமானதிலிருந்து அவள் எந்த விவாதத்திலும் தோற்று நான் பார்த்ததில்லை.

"ஆகும் என்று பேச?" போனில் முகப்புப் படமாகக் கொடியை வைத்திருந்த அத்தனை பேரும் குனிந்து தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். போதகர் என்னைப் பார்த்தார்.

"பாஸ்டர், ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு பேர் வேணாமே..."

"அதான் நல்லது. சண்டை போட்டாலும் ஒண்ணாத்தான் வீட்டுக்குப் போவீங்க" என்றார்.

அந்த வாரம் எங்கள் சாப்பாட்டு மேசை எல்லைக்கோடாகிவிட்டது. நான் பக்கத்தில் போனால் அவள் நோட்டை மூடினாள். "ஏங்க, சட்னி வேணும்னா கேளுங்க. அதையும் அடிச்சுத்தான் புடுங்கணும்னு இல்ல" என்றாள். இதற்கிடையில் அரசாங்கம் என் வாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. விவாதத்துக்கு மூன்று நாள் முன்பே விமானங்கள் எல்லை தாண்டிப் போய்க் குண்டு போட்டன. எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே பட்டாசுப் படங்கள். நான் மட்டும் ஒன்பது அனுப்பினேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், விமானப்படைக் குடும்பம் ஒன்று இருக்கிறது. கணவர் விமானங்களைப் பழுது பார்ப்பவர். மனைவி எங்கள் சபைக்கே வருகிறவர். குண்டு போடுவதற்கு முந்தின நாளே கணவரை வடக்கே வரச் சொல்லிவிட்டார்கள். எந்த ஊர் என்று அந்தப் பெண்ணுக்கே தெரியாது. இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் ஒன்பது பட்டாசு அனுப்பியிருக்கிறேன்.

விவாத அன்று ஹால் நிறைந்துவிட்டது. சமோசா உண்டு என்று அறிவித்ததும் ஒரு காரணம். நான் தொழில் தெரிந்த உதாரணத்தோடு ஆரம்பித்தேன். "சப்ளையர்கிட்டேர்ந்து தப்பான பீஸ் வந்துக்கிட்டே இருக்கு. நாங்க கேட்ல நின்னு ரிஜெக்ட் பண்றோம். எத்தனை நாளைக்கு? என்னிக்காவது ஒரு பீஸ் தப்பிச்சு வண்டிக்குள்ள போயிடும். ஆள் சாவான். அப்ப என்ன பண்ணணும்? அதைச் செய்யிற மெஷினையே நாம போய் நிறுத்தணும்."

கைதட்டினார்கள். என் மனைவி எழுந்தாள்.

"மெஷினை நிறுத்த, சப்ளையர் தெருவையே கொளுத்துவீங்களா?"

"இல்ல. அந்த மெஷினை மட்டும்."

"குண்டுக்கு மெஷின் எது, பக்கத்து வீட்டுத் தொட்டில் எதுன்னு தெரியுமா?"

இப்போது கைதட்டல் அந்தப் பக்கம். பிறகு அவள் மறு கன்னத்தைக் காட்டுவது பற்றிப் பேசினாள். போதகரே தலையாட்டினார். எழுதி வைத்திருந்த வீர வசனம் எல்லாம் என் கையிலிருந்த தாளில் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

"என் கன்னத்தை நான் காட்டலாம். அது என் கன்னம்" என்றேன். "செத்தவங்க கன்னத்தைக் காட்டுறதுக்கு நான் யாரு? அடுத்து யாரைச் சுடப் போறானோ, அவங்க கன்னத்தைக் காட்ட எனக்கு யாரு உரிமை குடுத்தது? சுட்டவன் எல்லைக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுத் தூங்கி, இன்னும் பத்துப் பேரைப் பழக்கிக்கிட்டு இருக்கான். அங்க நம்ம போலீஸ் போக முடியாது. கேட்டா அந்த நாடு பிடிச்சுத் தராது. குண்டு தப்பா விழும். அது உண்மை, அதை மறைச்சா நான் பொய்யன். ஆனா அடிக்காம விட்டாலும் சாவு நிக்கல. அந்தச் சாவு நம்ம கையில ஒட்டாத மாதிரி இருக்கு, அவ்ளோதான்."

யாரும் கைதட்டவில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சு திடீரென்று சரியான பதில் சொன்னால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

சபையோர் கருத்து சொல்லலாம் என்றார் போதகர். மேல்வீட்டுப் பெண் எழுந்தார்.

"அண்ணா, நீங்க 'நாம போகணும், நாம அடிக்கணும்'னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நாமன்னா யாருண்ணா? போன மாசம் லிஃப்ட் ரிப்பேர் ஆனப்ப, ரெண்டு மாடி ஏற முடியாம கீழயே உக்காந்து, அக்காவை டிபன் கேரியரைக் கயித்துல இறக்கச் சொன்னீங்க."

ஹாலே அதிர்ந்தது. சிரித்ததில் முதல் ஆள் போதகர். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"ஆனா என் ஓட்டு அண்ணனுக்குத்தான். எங்க வீட்டுக்காரர் செய்யிற வேலை தேவையே இல்லன்னு யாராவது சொன்னா எனக்கு வயிறு எரியுது. அதைத் திருவிழா மாதிரி கொண்டாடினாலும் எரியுது. தேவை, ஆனா பயமா இருக்கு. ரெண்டையும் ஒண்ணா சொல்றதுக்கு எனக்குத் தெரியல அக்கா." உட்கார்ந்துவிட்டார். என் மனைவி தன் இடத்திலிருந்து எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரணித் தலைவி விவாதத்தின் நடுவில் பார்வையாளர் வரிசைக்குப் போகலாமா என்று யாரும் சட்டம் பேசவில்லை.

கை தூக்கச் சொன்னபோது கொஞ்சம் வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன். சமோசா தீர்ந்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து அந்த ஒன்பது படங்களையும் அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது, அழியவில்லை. குழுவில் எல்லாரும் பார்க்க, "தப்பு பண்ணிட்டேன், மன்னிக்கணும்" என்று எழுதினேன்.

சில நாட்களில் சண்டையை நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப் குழு கொதித்தது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மேப்பையே மாத்தியிருக்கலாம்" என்று எழுதினார். நான், "சார், பழக்குற இடத்தை அடிக்கத்தான் போனோம். அடிச்சாச்சு. நிறுத்தத் தெரியணும். மேப்பை மாத்தறதுக்கு நான் வாதாடல" என்று பதில் போட்டேன். போன வாரம் வரை எதிரணிக்கு நான் போர் வெறியன். அன்று சாயங்காலத்துக்குள் குழுவுக்குக் கோழை, துரோகி, அண்டை நாட்டு ஏஜென்ட். என் மனைவி போனை வாங்கிப் படித்துவிட்டு, "பரவால்லையே, ரெண்டு பக்கமும் அடி வாங்குறீங்க" என்று காபி போட்டுக் கொடுத்தாள்.

மேல்வீட்டுக்காரர் அடுத்த மாதம் திரும்பி வந்தார். படிக்கட்டில் பார்த்தேன். முகம் கறுத்து, இளைத்திருந்தார். அவருக்குச் சொல்ல ஒரு நல்ல வாக்கியத்தை நாலு நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன். நான் தொண்டையைக் கனைத்துக்கொள்வதற்குள் அவர் கேட்டுவிட்டார்:

"அண்ணா, மோட்டார் போட்டாச்சா? மேல தண்ணி வரல."

"இதோ" என்று கீழே இறங்கிப் போய் மோட்டாரைப் போட்டேன்.