அம்மாவின் கடைசிப் பேப்பர்

நான் முதன்முதலில் பெயிலாக்கிய ஆள் என் அம்மா. அப்போது எனக்குப் பத்து வயது.

அம்மா பி.எஸ்ஸி. கணக்கில் ஒரே ஒரு பேப்பரை எழுதாமல் விட்டிருந்தாள். காரணம் நான்தான். அந்தப் பரிட்சை வாரத்தில் போய்ப் பிறந்திருக்கிறேன்; ஒரு பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா? பிறகு சிங்காநல்லூரில் குடித்தனம், அப்பாவின் லேத் பட்டறை, நான் என்று பேப்பர் அப்படியே கிடந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இதையும் விட்டால் பட்டம் இல்லை. அவள் ஆசைப்பட்ட டீச்சர் வேலையும் இல்லை.

அம்மா படித்தது கிரைண்டர் ஓடும் நேரத்தில். அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்தார் யாரும் வந்து பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே இரண்டு மாதம் எங்கள் வீட்டில் தினமும் மாவு ஆட்டினோம், மூன்று வேளையும் இட்லி, தோசை. அப்பா பட்டறைக்கும் தோசையே கட்டிக்கொண்டு போனார்.

அவளைப் படுத்தி எடுத்தது சமபடித்தான வகைக்கெழுச் சமன்பாடு. எல்லா உறுப்பும் ஒரே படியில் இருக்கும். அம்மா சொல்லிக்கொண்டே போட்டதால் முறை எனக்கே மனப்பாடம். y இருக்கிற இடத்தில் vx போட வேண்டும். v-யை ஒரு பக்கமும் x-ஐ இன்னொரு பக்கமும் பிரித்துத் தொகையிட வேண்டும். அப்போது c என்று ஒரு மாறிலி வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் v-யை அனுப்பிவிட்டு y-ஐத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

கண்ணில் பட்டால் பார்த்துவிடுவோம் என்று பயந்து, அம்மா புத்தகத்தின் விடைப் பக்கங்களை பிளேடால் அறுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள். கூடவே ஒரு சிவப்புப் பேனா.

“நீதான் டீச்சரு. சரின்னா சரி போடு, தப்புன்னா தப்பு போடு. எங்க தப்புன்னு மட்டும் சொல்லிப்போடாத கண்ணு, நானே பாத்துக்கறேன்.”

பதவி எனக்குத் தலைக்கேறிவிட்டது. விடை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பது என் சட்டம். புத்தகத்தில் x² − y² = cx என்று இருந்தது. அம்மா x = c(x² − y²) என்று முடித்திருந்தாள். c இடம் மாறி உட்கார்ந்திருக்கிறதே! பெரிதாகத் தப்பு போட்டேன். அம்மா பக்கத்தைத் திருப்பி முதல் வரியிலிருந்து மறுபடி போட்டாள். அதே விடை, அதே தப்பு. கிரைண்டர் சூடேறி மாவு பசையாகும் வரை போட்டாள். அந்தப் பாடத்தில் மட்டும் பதினோரு தப்பு விழுந்தது, எல்லாமே இந்த c-யால்.

பரிட்சைக்கு முந்தின சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அம்மா துண்டை நீட்டியபடி சொன்னாள்:

“நான் நாளைக்குப் போகலீங்க. எல்லாம் மறந்துபோச்சுங்க. ஒரே கணக்க நாலு வாட்டி போட்டாலும் தப்பாத்தான் வருதுங்க.”

“ஏ அம்மணி, இத்தன நாள் படிச்சுப்போட்டு இப்பப் போயி...” என்றார் அப்பா.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். நோட்டை எடுத்துப்போய் அவள் மடியில் வைத்து, கடைசியாக ஒரே ஒருமுறை என்று கெஞ்சினேன். மூன்று கணக்குப் போட்டாள். மூன்றிலும் c பழையபடி இடம் மாறித்தான் இருந்தது. விடைப் பக்கத்தை ஒப்புக்குப் புரட்டிவிட்டு மூன்றுக்கும் சரி போட்டேன்.

“நெசமாவா கண்ணு?”

“நெசமாத்தாம்மா. எல்லாமே சரி.”

அவள் பார்ப்பதற்குள் அந்தப் பக்கங்களை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன். அதுவரை நான் அவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. மறுநாள் அம்மா பரிட்சைக்குப் போனாள், பாஸும் ஆனாள். பேப்பர் திருத்தியவருக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வருடமே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். நான் படித்து ஆளானது அந்த வேலையால்தான்.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் அதே பாடம் எனக்கும் வந்தது. நான் c-யை ஒரு பக்கம் வைத்தேன், பக்கத்திலிருந்தவள் மறுபக்கம் வைத்தாள். ஆசிரியர் இரண்டுக்கும் சரி போட்டார். c எந்த எண்ணாகவும் இருக்கலாம், எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான் என்றார். அம்மாவின் பதினோரு கணக்கும் சரி. பொய் என்று நினைத்துப் போட்ட அந்த மூன்றுதான் நான் ஒழுங்காகத் திருத்தியவை.

வகுப்பிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு மாதத்தில் அம்மா ஒருமுறைகூட விடைப் பக்கத்தைக் காட்டு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். தன் படிப்பைச் சந்தேகப்பட்டாள், தன் ஞாபகத்தைச் சந்தேகப்பட்டாள். ஐந்தாம் வகுப்புப் படித்த என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை.