பூசம் வரைக்கும் பொறுத்த நெல்

சிவனேஸ்வரிக்கு ஸ்கந்தபுரத்தில் மூன்று ஏக்கர் வயல். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது அது பற்றை மண்டிக் கிடந்தது. அவளும் கணவன் செல்வநாயகமும் கை வெடிக்க வெடிக்க வெட்டித் திருத்திய நிலம். பிள்ளையில்லாத அந்த இருவருக்கும் நெல்தான் பிள்ளை.

போன வருடம் பழுத்த கதிரை வெள்ளம் கொண்டுபோனது. தைப்பூசத்தன்று புதிர் எடுக்க, அதாவது முதல் கதிரை அரிந்து சாமிக்குப் படைக்க, ஒரு பிடி கதிர்கூட மிஞ்சவில்லை. அதன்பின் கோடைச் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இல்லை. இந்த முறை புழுதியில் விதைத்த நெல், மழை பிந்தியதால் முளையிலேயே கருகியது. சாப்பாட்டுக்கென்று கடனாக வாங்கி வைத்திருந்த நெல்லை அள்ளி மறுபடி விதைத்தார்கள். இதுவும் போனால் நெஞ்சு வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் செல்வநாயகம் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் தை பிறந்து சில நாட்களில் வயல் பழுத்துத் தலைசாய்ந்தது. அவள் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கினாள்.

வியாழக்கிழமை, வெட்டு மெசின் ஓட்டும் சுமன் வரம்பில் வந்து நின்றான்.

"அக்கா, பக்கத்து வயல் முடிஞ்சுது. உங்கடையையும் இப்பவே வெட்டித் தாறன்."

"ஞாயிறுதான் பூசம். புதிர் எடுக்க முதல் வயலில கத்தி வைக்கிறதோ?"

"ஒரு மூலையை விட்டிட்டு மிச்சத்தை வெட்டுவம். தாழமுக்கம் வருதெண்டு ரேடியோவில சொல்லுறாங்கள்."

"முதல் கத்தி பூசத்திலதான். போன வருசம் அந்தக் குடுப்பினையும் இல்லாமப் போச்சு. தையில என்னடா மழை?"

"ஓம் ஓம். மழை உங்களிட்ட நாள் கேட்டுப்போட்டுத்தான் வரும்."

பக்கத்தில் நின்ற செல்வநாயகம் சிரித்துவிட்டார்.

"நீங்கள் என்ன பல்லைக் காட்டுறியள்?" என்று அவள் சீறினாள். சுமன் மெசினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

வெள்ளி மாலை வானம் கறுத்தது. விடிந்தும் மழை விடவில்லை. பூசத்தன்று சிவனேஸ்வரி தொடையளவு தண்ணீரில் அரிவாளோடு நின்றாள். கதிர்கள் சரிந்து தண்ணீருக்குள் கிடந்தன. புதிர் எடுக்கவா, உயிர் காக்கவா என்று தெரியாமல் அழுதழுது அரிந்தாள். இருமிக்கொண்டே செல்வநாயகமும் அரிந்தார். இரண்டு பேருடைய கை எவ்வளவுக்கு எட்டும்? அரிந்து வரம்பில் போட்ட கதிரும் காய வெயிலில்லாமல் புழுங்கியது.

அடுத்த வியாழக்கிழமை தண்ணீர் வடிந்தது. சொல்லியனுப்பாமலே சுமன் மெசினைக் கொண்டுவந்தான். அது நாலடி போவதற்குள் சேற்றில் புதைந்தது. இழுத்தெடுத்து அவன் நிமிர்ந்தபோது, சிவனேஸ்வரி ஒரு கதிரை நீட்டினாள். ஒவ்வொரு நெல்மணியிலும் வெள்ளை முளை.

"அண்டைக்கு நீ சொன்னனீ. நான் கேக்கேல்லை. ஏசு தம்பி, நல்லா ஏசு!"

"என்னத்தை அக்கா ஏச," என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வா, வீட்டை போவம். இனி மாட்டுக்குத்தான்," என்றார் செல்வநாயகம்.

வேலிக்கு வெளியே ஊர் மாடுகள் நின்றன. அவள் போய்த் தன் கையாலேயே கம்பியை அவிழ்த்தாள். மாடுகள் அவளை உரசிக்கொண்டு வயலுக்குள் இறங்கின. கடைசி மாட்டின் முதுகில் முகத்தைப் புதைத்து, அது நகரும் வரைக்கும் விம்மினாள்.

 வீட்டுக்கு வந்ததும் அவள் அவருடைய இரண்டு சேட்டுகளை மடித்து, நெஞ்சு வருத்தத்துக்கு அவர் விழுங்கும் குளிசையோடு கொழும்புக்கென்று ஒரு பையில் வைத்து, வாசலில் கொண்டுவந்து வைத்தாள்.